நான்காம் படத்தில் இருந்தவர்

ஒரு புதன்கிழமைக் காலை. நடைப்பயிற்சி முடித்து எங்கள் அடுக்ககத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஈஜிபுரா சிக்னல் பக்கமிருந்து பேருந்துப் புகையும், சந்துமுனைத் தள்ளுவண்டியிலிருந்து இட்லி ஆவியும் ஒன்றாகக் கலந்து வந்தன. வாசல் தடுப்புக்கு வெளியே செல்வி நின்றிருந்தார். எங்கள் வீட்டிலும், அதே வளாகத்தில் இன்னும் நான்கு வீடுகளிலும் வேலை செய்பவர். வழக்கமாகத் தோளில் தொங்கும் ஒயர்கூடை அன்று காலடியில் இருந்தது.

காவலாளி தன் கைப்பேசியில் செல்வியின் ஆறு இலக்க எண்ணைத் தட்டினார். திரை சிவந்தது. மறுபடி தட்டினார். மறுபடி சிவந்தது. அவர் ஒடிசாக்காரர், நல்ல மனிதர். தன் விரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் தட்டினார்.

என்னைப் பார்த்ததும் செல்வி, "சார், என் நம்பர் செத்துப்போச்சாம்," என்றார். "நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு."

எண் எப்படிச் செத்தது, யார் சாகடித்தார்கள், எதற்காக என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாக நடந்ததே, நான் வருவதற்குள் அவர் திரும்பிப் போயிருப்பார் என்ற நம்பிக்கையில்தான். அவரோ ஒரு மணி நேரமாக அங்கேயே நின்றிருந்தார்.

"ஏதோ சர்வர் பிரச்சினை போலிருக்கும்மா," என்றேன்.

நாற்பது வருடம் கணிப்பொறி கற்பித்தவன் நான். கைப்பேசிச் செயலிகளின் பாதுகாப்பைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியவன். ஒரு நெருக்கடியில் என் வாயிலிருந்து வந்தது, வங்கிக் கவுன்ட்டரில் நமக்கெல்லாம் சொல்வார்களே, அதே பொய்.

கமலா வேண்டாம்

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செல்வி என்பது அவருடைய பெயர் அல்ல. முதலில் கமலா என்று எழுதியிருந்தேன். இந்த அத்தியாயத்தை இதழுக்கு அனுப்பும் முன் அவருக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். கமலா என்பது தன் நாத்தனார் பெயர் என்றும், அந்தப் பெயரோடு தன்னால் ஒரு பக்கம்கூட நடமாட முடியாது என்றும் சொன்னார். செல்வி அவரே தேர்ந்தெடுத்தது. இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். எங்காவது கதை தாவுவது போலிருந்தால் அதுதான் காரணம்.

என் மனைவி பத்மாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றட்டுமா என்று கேட்டேன். "நாப்பது வருஷம் உங்ககூட இருந்தாச்சு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது," என்று சொல்லிவிட்டாள்.

டார்ச் விளக்கும் என் மச்சானும்

சென்ற வாரம் என் முதல் கணிப்பொறியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், நான் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறேன் என்று கேட்டிருக்கிறார். தெரிந்தால் தானும் அவற்றையே வைத்துக்கொள்வாராம். ஐயா, தயவுசெய்து வேண்டாம்.

நான் இந்தத் துறைக்கு வந்ததே ஒரு டார்ச் விளக்கால். ஒரு மழைநாள் மதியம், மின்சாரம் இல்லை. என் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடிவிட்டது. அப்போதெல்லாம் கைப்பேசியோடு டார்ச் சேர்ந்து வராது, செயலியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கினேன். விளக்கை ஏற்றுவதற்கு முன் அது என் தொலைபேசியில் உள்ள எல்லாப் பெயர்களையும் எண்களையும் பார்க்க அனுமதி கேட்டது. கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்தபடி யோசித்தேன். ஒரு டார்ச் விளக்குக்கு என் மச்சானின் தொலைபேசி எண் எதற்கு?

அந்த ஒரு கேள்வியில்தான் என் மிச்ச உத்தியோக வாழ்க்கை முழுவதும் ஓடியது. வானிலை சொல்லும் செயலி ஏன் நம் குறுஞ்செய்திகளைப் படிக்கிறது, குழந்தைகளின் பலூன் விளையாட்டு ஏன் நாம் நிற்கும் இடத்தை எங்கோ அனுப்புகிறது என்று வருடக்கணக்கில் தோண்டினேன். மாணவர்கள் முனைவர் பட்டம் வாங்கினார்கள். நான் விமானம் ஏறினேன். அந்த மாத்திரை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

வீட்டில் இது என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எந்தச் செயலி கேட்டாலும் பொய்யான பிறந்த தேதியைக் கொடுப்பேன், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று. அதனால் மாதம் தவறாமல் யாராவது எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவார்கள். செருப்புக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, பல் டாக்டர். ஒருமுறை மின்கட்டணச் செயலியின் கடவுச்சொல் மறந்துபோனது. அது என் பிறந்த தேதியைக் கேட்டது. எந்தத் தேதியில் பிறந்ததாக அதனிடம் சொல்லிவைத்தேன் என்று தெரியாமல் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பத்மா, யார் கேட்டாலும் ஆதார் நகலை எடுத்து நீட்டிவிடுவாள். அவளுக்கு எல்லா வேலையும் ஐந்து நிமிடத்தில் முடியும்.

இத்தனை ஜாக்கிரதையும் என்னைப் பற்றி மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். அப்போது நான் கவனிக்கவில்லை.

கல்வெட்டு

எங்கள் அடுக்ககத்தில், இந்த ஊரின் பல அடுக்ககங்களில் இருப்பது போல, ஒரு வாசல் செயலி உண்டு. வீட்டு வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெரிய வாசலில் அதைச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு பிளாக்கின் வாசலிலும் நுழையும்போதும் வெளியே வரும்போதும் சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் வேலை செய்யும் வீடுகளில் 'டிங்' என்று மணியடித்து, செல்வி வந்துவிட்டார் என்று காட்டும். அவருக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று நாம் மதிப்பெண் போடலாம். குக்கர் வாங்கினால் போடுகிறோமே, அதே நட்சத்திரம்.

இந்தச் செயலியை ஆராய்ந்தபோது ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தேன். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால், கேட்பவர் யார் என்றே பார்க்காமல், எந்தப் பணியாளரின் எந்த நாள் போக்குவரத்தையும் அது அப்படியே எடுத்துக் கொடுத்தது. ஒரு மனிதரின் முழு நாளையும் யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். இதை நிரூபிக்க எனக்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது. சமையலறையில் செல்வி இருந்தார்.

எங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிக் குழு, பங்கேற்பவரிடம் அவருடைய மொழியிலேயே எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கச் சொன்னது. நானே தமிழில் எழுதினேன். இரண்டு நாள் உழைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை செல்வியை நாற்காலியில் உட்காரவைத்து, 'இவ்வாய்வின்கண் தாங்கள் தன்னார்வப் பங்கேற்பாளராக இணைவதன்வழி' என்று ஆரம்பித்தேன். இரண்டாம் பத்தியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா சார் இது, கோயில் கல்வெட்டு மாதிரி இருக்கு. வாயால சொல்லுங்க."

வாயால் சொன்னேன். நீங்கள் எப்போது வருகிறீர்கள், எப்போது போகிறீர்கள் என்று இந்தச் செயலி எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கிறது, அது தப்பு என்று எழுதப்போகிறேன், அதற்கு உங்கள் ஆறு வாரப் பதிவு வேண்டும் என்றேன். அவர் யோசித்தார்.

"என் பேரு வருமா?"

"வராது."

"வீட்டு நம்பரு?"

"வராது. ஒன்பதாவது விதி இருக்கு பாருங்க. நீங்க எப்ப வேணாம்னு சொன்னாலும் எடுத்துடுவேன்."

எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நானும் போட்டேன். ஒரு நகலை அவரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆறு செவ்வாய்க்கிழமைகள், வேலை முடிந்து கிளம்பும்போது அவரை உட்காரவைத்துப் பன்னிரண்டு நிமிடம் கேள்வி கேட்டேன். செயலி சொல்வது சரியா என்று சரிபார்க்கத்தான்.

பதிவில் ஓர் இடம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தினமும் பதினொன்று ஐந்துக்கு சி பிளாக்கிலிருந்து வெளியே வருகிறார். பதினொன்று நாற்பத்தைந்துக்கு ஏ பிளாக்கில் நுழைகிறார். பெரிய வாசலைத் தாண்டவில்லை. நடுவில் நாற்பது நிமிடம் எங்கே? கேட்டேன். "எழுதிக்காதீங்க சார்," என்றார். பேனாவைக் கீழே வைத்தேன். சொன்னார்.

எங்கே என்பதை அன்றும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அதில் திருட்டு இல்லை, காதல் இல்லை. அவ்வளவுதான் உங்களுக்கு.

ஜோலார்பேட்டை அனுபவம்

கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தது. அதில் நான்காவது படம்தான் உயிர். கீழே நேரம், பக்கத்தில் பிளாக்குகள், நடுவே ஏறி இறங்கும் ஒரு கோடு. செல்வியின் பெயர் இல்லை. 'ப-3' என்று பங்கேற்பாளருக்கு ஒரு குறியீடு மட்டும் போட்டிருந்தேன். பதினொரு மணிக்குப் பிந்தைய இடைவெளியைச் சாம்பல் நிறத்தில் தீட்டி, 'விளக்கப்படாத நேரம்' என்று குறித்திருந்தேன். அது படத்துக்கு ஒரு மர்மத்தைக் கொடுத்தது. மர்மம் இருந்தால் மற்றவர்கள் மேற்கோள் காட்டுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கட்டுரையின் இணைப்பை எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'நம் வளாகத்தைப் பற்றிய என் எளிய முயற்சி' என்று எழுதினேன். எளிமை அதில் எங்கேயும் இல்லை. கட்டைவிரல்களும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்தன. யாரும் திறந்து படிக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். என் கட்டுரைகளை என் மாணவர்களே திறந்ததில்லை.

ஸ்ரீநிவாச ராவ் திறந்தார்.

ராவ் எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருப்பவர். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். ரயில்களை ஓட்டியவர் அல்ல, அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது எந்த நிலையத்தில் என்று பெரிய தாளில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர். கீழே நேரம், பக்கத்தில் நிலையங்கள், நடுவே சாய்ந்து செல்லும் கோடு. கன்னடக்காரர், பதினொரு வருடம் ஜோலார்பேட்டையில் இருந்ததால் தமிழும் உண்டு. அரை மணி நேரத்தில் என்னை அழைத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நோடி, பாருங்க ப்ரொஃபெசரே, இது நம்ம கன்ட்ரோல் சார்ட்தானே. எவ்வளவு வருஷமாச்சு பார்த்து. இந்த ப-3 நம்ம செல்விதானே? எட்டு பத்துக்கு எங்க பிளாக். செவ்வாய்க்கிழமை மட்டும் வெளிய போறது பன்னண்டு நிமிஷம் லேட்டு. வேற யாரும் அப்படி வர்றதில்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் குழுவிலும் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. செல்வியைப் பாராட்டித்தான் எழுதினார். ஆறு வாரத்தில் இவ்வளவு நேரம் தவறாத வண்டியைத் தன் சர்வீசில் கண்டதில்லை என்று எழுதினார். கடைசி வரியில் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். பதினொன்று ஐந்திலிருந்து நாற்பது நிமிடம் வண்டியை எந்த லைனில் நிறுத்திவைக்கிறார்கள்?

இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. மதியத்துக்குள் குழுவில் இருந்த எல்லோரும் ரயில்வேக்காரர்கள் ஆகிவிட்டார்கள். காய்ச்சல் என்று தன் வீட்டுக்கு வராத நாளில் செல்வி ஏ பிளாக்குக்குப் போயிருக்கிறார் என்று ஓர் அம்மாள் கண்டுபிடித்தார். மாடிப்படிகளின் பின்னால் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். சி பிளாக்கில் ஒருவர், போன மாதம் தன் வெள்ளிக் குங்குமச்சிமிழ் காணாமல்போனதை ஞாபகப்படுத்தினார். யார் மீதும் சந்தேகமில்லை, சும்மா சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கூடிய குடியிருப்போர் சங்கம், விசாரணை முடியும்வரை செல்வியின் எண்ணை நிறுத்திவைத்தது. மறுநாள்தான் நான் இரண்டு சுற்று கூடுதலாக நடந்த புதன்கிழமை.

என் நேரம்

ஞாயிறு காலை கிளப் ஹவுஸில் கூட்டம். செல்வியை வரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றார். பத்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. செயலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நாற்பது நிமிடம் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார். கன்னடத்தில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை.

செல்வி தமிழில் பதில் சொன்னார். "எந்த வீட்டு நேரத்துலயும் நான் கை வெக்கல சார். இது என் நேரம்."

பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எங்கே என்று எனக்குத் தெரியும், அதில் தவறொன்றும் இல்லை, நான் பொறுப்பு. இவ்வளவுதான். ரகசியமும் உடைந்திருக்காது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னாலேயே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஆறு வாரப் பதிவை நீங்கள் எப்படி எடுத்தீர்கள், சங்கத்திடம் கேட்டீர்களா? கேட்கவில்லை. கல்லூரியிடம் கேட்டேன், செல்வியிடம் கேட்டேன், சங்கத்திடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினேன். தனியுரிமை என்றால் என்ன, தரவு யாருக்குச் சொந்தம், எதிராளி எப்படிச் சிந்திப்பான் என்றெல்லாம். மிக நல்ல உரை. ராவ் ஒருவர்தான் கடைசிவரை கேட்டார். உட்கார்ந்த பிறகு பார்த்தால், செல்வியின் பெயரை அதில் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பத்மா எழுந்தாள். "செவ்வாய்க்கிழமை லேட்டுக்கு செல்வி காரணமில்ல. வேலை முடிஞ்சு கிளம்பறவளை இவர்தான் உக்காரவெச்சுக் கேள்வி கேட்டுட்டிருந்தார்."

"ஓ," என்றார் ராவ். "அப்படின்னா சிக்னல் போடாதது உங்க ஸ்டேஷன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. எண் செத்தது செத்தபடியே இருக்கட்டும் என்று முடிவானது. மூன்று வீடுகள் அன்றே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. சி பிளாக் அம்மாளின் குங்குமச்சிமிழ், ஹெப்பகோடியில் இருக்கும் அவருடைய மகள் வீட்டுப் பையிலிருந்து பிறகு கிடைத்தது. அதைக் குழுவில் போட அவர் மறந்துவிட்டார்.

விருந்தாளி

பத்மா விடவில்லை. பணியாளர் எண்தானே இல்லை, விருந்தாளிக்கு எண் தேவையில்லையே என்று கண்டுபிடித்தாள். பாதுகாப்பு ஆராய்ச்சியாளனான எனக்கு இது தோன்றவே இல்லை. தினமும் காலையில் செயலியில் 'விருந்தினர்' என்று போட்டு, வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று தட்டுவாள். காவலாளி எழுந்து நின்று செல்விக்கு வணக்கம் சொல்லி உள்ளே அனுப்புவார். இப்படி மூன்று வாரம் ஓடியது.

பிறகு ஒரு நாள் செல்வியே நிறுத்திக்கொண்டார். "விருந்தாளியா வந்து பாத்திரம் தேய்க்க ஒரு மாதிரி இருக்குக்கா," என்று பத்மாவிடம் சொன்னாராம். "அந்த செக்யூரிட்டி வேற சல்யூட் அடிக்கறான்."

இரண்டாம் மாடி

அதற்கு அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். ஈஜிபுராவில் ஒரு குறுக்குத் தெரு, இரண்டாம் மாடி. கைப்பிடி இல்லாத இரும்புப் படி. இரண்டு கிலோ ஆப்பிள் கொண்டுபோனேன். குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் எல்லோரும் ஏன் ஆப்பிளே வாங்குகிறோம் என்று தெரியவில்லை.

நான் மன்னிப்பைத் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். அதுவும் சற்றுக் கல்வெட்டு மாதிரிதான் இருந்தது. அவர் பாதியிலேயே எழுந்து போய், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். என் ஒப்புதல் படிவம். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஒம்பதாவதுல இன்னா போட்டிருக்கு, படிங்க சார்."

படித்தேன். 'பங்கேற்பாளர் எந்நிலையிலும் காரணம் கூறாது விலகிக்கொள்ளலாம்.'

"அப்ப வேணாம் சார். எடுத்துடுங்க."

"எடுத்துடறேம்மா," என்றேன்.

அந்த நிமிடத்தில் அதை உண்மையாகவே சொன்னேன். பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கட்டுரைக்குப் பரிசு. கண்ணாடியில் செதுக்கிய கேடயம், சால்வை, மேடை. பரிசளிப்பு முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும், இவ்வளவு சீக்கிரம் எடுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டேன். எடுத்தாயிற்றா என்று பத்மா ஒரு முறை கேட்டாள். ஆயிற்று என்றேன்.

முன்வரிசை

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கருத்தரங்குக்கு அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் என் பெயர் ஒட்டிய நாற்காலி. மதிய உணவுக்குப் பின் ஓர் இளம் பேராசிரியை பேசினார். திரையில் நான்காம் படத்தைப் போட்டார். சுவர் அளவுக்குப் பெரியதாக. இந்தத் துறையில் இது எல்லோருக்கும் தெரிந்த படம் என்று அறிமுகம் செய்தார். பிறகு, கேட்பவர்களின் மதியத் தூக்கத்தைக் கலைக்க ஒரு விளையாட்டு வைத்தார். இந்தப் பெண் அந்த நாற்பது நிமிடம் எங்கே போகிறார், ஊகியுங்கள் பார்ப்போம்.

தூங்குகிறாள் என்றார் ஒருவர். எதையாவது எடுத்துப் பதுக்குகிறாள் என்றார் ஒருவர். காவலாளியோடு காதல் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததும் அரங்கமே சிரித்தது. அந்தப் பேராசிரியை என்னைக் கைகாட்டி, எழுதியவரே இங்கே இருக்கிறார், அவருக்கு விடை தெரியுமா என்று கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியாது," என்றேன்.

தேநீர் இடைவேளையில் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ஆடுகோடி தாண்டும்போதுதான் கையில் ஒரு பிஸ்கட் இருப்பதைப் பார்த்தேன். பொடியாகியிருந்தது.

அன்று மாலையே ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினேன். ஒரு படிவம் அனுப்பினார்கள். திரும்பப் பெறும் காரணம் என்ன? தரவுப் பிழையா, பிறர் எழுத்தைத் திருடியதா, ஆசிரியர்களுக்குள் தகராறா? நான் தேடிய கட்டம் அதில் இல்லை. 'இதர' என்ற இடத்தில், பங்கேற்பாளர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்று எழுதினேன். எப்போது என்று கேட்டார்கள். உண்மையான தேதியை எழுதினேன். தேதியில் ஏதோ தட்டச்சுப் பிழை இருக்கிறது, பல வருடங்களுக்கு முந்தைய தேதியாக இருக்கிறது, சரிபார்க்கவும் என்று மிகவும் பணிவாகப் பதில் வந்தது. பிழை இல்லை என்று எழுதினேன். கேடயத்தைத் திருப்பி அனுப்பினேன். அதை வாங்கிக்கொள்ள அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லையாம், திரும்பி வந்துவிட்டது. எட்டு மாதம் இழுத்து, கடைசியில் படத்தை நீக்கினார்கள்.

பத்மாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வருஷா வருஷம் பொங்கலுக்குப் போன் பண்றப்பல்லாம், சார் அதை எடுத்துட்டார்னு நான் அவகிட்ட சொல்லிட்டிருந்தேனே." பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "போய் அவகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள்.

வெள்ளை

இந்த முறை ஆப்பிள் வாங்கவில்லை. செல்வி அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறியிருந்தார். காலை பத்து மணி இருக்கும். எங்கோ கிளம்பத் தயாராகச் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். போன மாதம்தான் எடுத்தேன் என்பதை, பரிசை, கருத்தரங்கை, அங்கே சிரித்ததை, எல்லாவற்றையும். எதையும் அழகாகச் சொல்ல முயலவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா அது அங்கயேதான் இருந்துச்சா சார்?"

"ஆமாம்மா."

"எடுத்தாச்சுன்னு அக்கா சொன்னாங்களே."

"அவகிட்டயும் பொய்தான் சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கீழே யாரோ பழைய பேப்பர், இரும்பு என்று கூவிக்கொண்டு போனார். அவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"காட்டுங்க. என் போன்லயே காட்டுங்க."

தேடி எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலக் கட்டுரைக்கு நடுவில் ஒரு கட்டம். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் ஒரே ஒரு வரி. அது என்ன என்று கேட்டார். "இவங்க வேணாம்னு சொன்னதால எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு," என்றேன்.

"இந்தக் கட்டம்தான் நானா?"

"ஆமாம்."

இரண்டு விரல்களை வைத்து அதைப் பெரிதாக்கினார். மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார், நான்கு மூலைகளுக்கும் போய் வந்தார். திரை முழுவதும் வெள்ளையாக இருந்தது.

"இப்பதான் சரியா இருக்கு," என்றார்.

கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். நேரமாகிவிட்டது என்றும், அக்காவைக் கேட்டதாகச் சொல்லும்படியும் சொல்லிக் கதவைப் பூட்டினார். எனக்கு முன்னால் படியிறங்கினார். அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்பது பத்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெருவில் இறங்கியதும் அவர் வலப்பக்கம் திரும்பினார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டு, நான் இடப்பக்கம் நடந்தேன்.